அழித்த வரி திரும்ப முளைக்கிறது: பழைய கர்னலில் டிடிசி பில்டு எரர்

கேள்வி சுருக்கமாக இதுதான். கோட்டையூர்த் தம்பி ஒருவர், பொறியியல் கடைசி ஆண்டு. ஊருணியின் நீர்மட்டத்தை அளந்து சொல்லும் கருவி ஒன்றை ப்ராஜெக்டாகச் செய்கிறார். கையில் இருப்பது பழைய ஏஆர்எம் போர்டு. விற்றவர்கள் கொடுத்தது லினக்ஸ் 4.9 கர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மூலநிரல், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. லேப்டாப்பில் உபுண்டு 20.04 இருந்தவரை பில்டு (மூலநிரலை ஓடும் நிரலாக்கும் வேலை) ஒழுங்காக ஓடியது. 22.04-க்கு மாறியதும், தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ‘மல்டிபிள் டெஃபினிஷன் ஆஃப் ஒய்ஒய்எல்லாக்’ என்று நின்றுவிடுகிறது. பிழைச் செய்தியில் வந்த பெயரைப் பிடித்துக்கொண்டு போய், டிடிசி-லெக்சர்.லெக்ஸ்.சி என்ற கோப்பைத் திறந்து, அந்த மாறியை வரையறுக்கும் வரியை அழித்தார். பில்டு ஓடியது. மறுநாள் எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிட்டு ஓட்டினால் அதே பிழை. அழித்த வரி அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. க்ராஸ் கம்பைலரை (லேப்டாப்பில் ஓடி, போர்டுக்கான நிரலை உருவாக்கும் கம்பைலர்) மாற்றிப் பார்த்தும் பலன் இல்லை. ‘நான் அழித்ததை யார் அண்ணே திரும்ப எழுதுறா?’ என்று கேட்கிறார்.

தம்பி, நீங்கள் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். வரி தப்பா சரியா என்பதற்கு முன்னால், அந்தக் கோப்பை எழுதியது யார் என்று கேட்க வேண்டும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் மீதி அரை மணி நேர வேலை.

இங்கே கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் ஒலிப்படி எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். ஒய்ஒய்எல்லாக் என்பதில் ஒய் இரண்டு, எல் இரண்டு, அப்புறம் ஓ, சி.

டிடிசி என்பது டிவைஸ் ட்ரீ கம்பைலர். போர்டில் எந்த முகவரியில் எந்தச் சாதனம் இருக்கிறது, எந்தப் பின்னில் என்ன தொங்குகிறது என்பதை மனிதர் படிக்கும்படி .டிடிஎஸ் கோப்பில் எழுதிவைத்திருப்பார்கள். அதைக் கர்னல் படிக்கும் .டிடிபி வடிவத்துக்கு மாற்றுவது இந்தச் சின்னக் கம்பைலரின் வேலை. கர்னலோடு சேர்ந்தே வரும், ‘ஸ்கிரிப்ட்ஸ்/டிடிசி’ அடைவில் இருக்கும். உங்கள் நீர்மட்ட சென்சார் எந்தப் பின்னில் இருக்கிறது என்று நீங்கள் எழுதிய டிடிஎஸ் கோப்பும் இதன் வழியாகத்தான் போக வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டிடிசி ஓடப்போவது போர்டில் அல்ல, உங்கள் லேப்டாப்பில். ஆகவே அதைக் கம்பைல் செய்வது க்ராஸ் கம்பைலர் அல்ல, லேப்டாப்பின் சொந்த சி கம்பைலரான ஜிசிசி. கர்னலின் மேக்ஃபைல் (பில்டு விதிகள் எழுதிய கோப்பு) அதை ‘ஹோஸ்ட்சிசி’ என்று அழைக்கும். க்ராஸ் கம்பைலரை எத்தனை முறை மாற்றினாலும் இந்தப் பிழை அசையாதது அதனால்தான். உபுண்டு 20.04-ல் இருந்தது ஜிசிசி 9, 22.04-ல் இருப்பது ஜிசிசி 11. இடையில் 2020 மே மாதம் வந்த ஜிசிசி 10-ல் ஒரு வழக்கம் மாறியது. உங்கள் பிழையின் வேர் அந்த மாற்றத்தில் இருக்கிறது.

செய்தியை நிதானமாகப் படியுங்கள். ‘மல்டிபிள் டெஃபினிஷன்’ என்று சொல்வது கம்பைலர் அல்ல, கம்பைல் ஆன .ஓ துண்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் லிங்க்கர். இரண்டு .ஓ கோப்புகளின் பெயரைச் சொல்லி, ஒன்றில் ‘ஃபர்ஸ்ட் டிஃபைன்டு ஹியர்’ என்று காட்டுகிறது. அதாவது டிடிசியின் இரண்டு பகுதிகளான லெக்சரும் பார்சரும் தனித்தனியாகக் கம்பைல் ஆகிவிட்டன. சேர்க்கும்போதுதான் சண்டை. இலக்கணப் பிழை எதுவும் எங்கும் இல்லை. ஒரே மாறியை இரண்டு பேரும் ‘என்னுடையது’ என்கிறார்கள்.

எங்கள் ஐயா பினாங்கில் ஒரு லேவாதேவிக் கடையில் அடுத்தாளாக (மேலாளுக்கு அடுத்த நிலை) இருந்தவர். பெட்டியடிப் பையனாகப் போய் அடுத்தாளானவர். அன்றன்று நடந்ததைச் சிட்டையில் எழுதி, பிறகு ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். ஒரே ஆள் பெயரில் இரண்டு பேர் இரண்டு பக்கம் திறந்துவிட்டால், பழகிய மேலாள் ‘ரெண்டும் ஒரே ஆள்தான்’ என்று தானே சேர்த்துப் போட்டுக்கொள்வார். கண்டிப்பான மேலாள் வந்தால் ஏட்டைத் தூக்கித் திரும்ப வைத்துவிடுவார். பழைய ஜிசிசி முதல் ரகம், ஜிசிசி 10 இரண்டாம் ரகம். கணக்கில் தப்பு அன்றைக்கும் இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சி மொழியில் ஒரு குளோபல் மாறியைத் தொடக்க மதிப்புக் கொடுக்காமல், எக்ஸ்டர்ன் (வரையறை வேறு இடத்தில் இருக்கிறது என்ற குறிப்பு) என்றும் போடாமல் எழுதினால், அது தற்காலிக வரையறை. ஒரே கோப்புக்குள் அது எத்தனை முறை வந்தாலும் மொழியே ஒன்றாக எடுத்துக்கொள்ளும். இரண்டு தனிக் கோப்புகளில் வந்தால் சேர்த்துக்கொள்ள மொழியின் விதியில் இடமில்லை. ஆனால் யூனிக்ஸ் கம்பைலர்கள் ஃபோர்ட்ரானின் ‘காமன்’ பிளாக் முறையைப் பின்பற்றி, அப்படிப்பட்டவற்றைப் பொது இடத்தில் வைத்து லிங்க்கரிடம் ‘நீயே சேர்த்துக்கொள்’ என்று விட்டன. ஜிசிசியில் அந்த ஆப்ஷனின் பெயரே ‘-எஃப்காமன்’. பல காலம் அதுதான் இயல்பு. 10-ஆம் பதிப்பில் ‘-எஃப்நோ-காமன்’ இயல்பாகிவிட்டது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பில்டு தோற்று நின்றதும் .ஓ கோப்புகள் அப்படியே கிடக்கும். டிடிசி-லெக்சர்.லெக்ஸ்.ஓ மேல் ‘என்எம்’ கட்டளையை ஓட்டி, ஒய்ஒய்எல்லாக் வரும் வரியை மட்டும் க்ரெப் கட்டளையால் தேடி எடுங்கள். இப்போது பெயருக்கு முன்னால் ‘பி’ என்ற எழுத்து இருக்கும்: எனக்கென்று இடம் ஒதுக்கிவிட்டேன் என்று பொருள். அதே கோப்பை ‘-எஃப்காமன்’ போட்டுக் கம்பைல் செய்து பார்த்தால் ‘சி’ என்று வரும், காமன். ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். நான் சொல்வதை நம்பிக்கொண்டு போகாமல் இதைச் செய்து பாருங்கள். இரண்டு நிமிடம் ஆகும்.

சரி, இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருவோம்.

லெக்சர் என்பது உரையை எழுத்தெழுத்தாகப் படித்துச் சொற்களாக வெட்டும் பகுதி. பார்சர், அந்தச் சொற்கள் சரியான வரிசையில் வருகின்றனவா என்று பார்ப்பது. இரண்டையும் கையால் எழுதுவது அலுப்பான வேலை என்று 1970-களில் பெல் லேப்ஸில் அதற்கென்றே கருவிகள் செய்தார்கள். ஸ்டீபன் ஜான்சன் யாக் எழுதினார். மைக் லெஸ்கும் எரிக் ஷ்மிட்டும் லெக்ஸ் எழுதினார்கள். ஆமாம், பின்னாளில் கூகுளை நடத்திய அதே எரிக் ஷ்மிட். நாம் இன்று பயன்படுத்தும் பைசனும் ஃப்ளெக்ஸும் அந்த வழியில் வந்தவை. விதிகளை .எல் கோப்பிலும் .ஒய் கோப்பிலும் எழுதிக் கொடுத்தால், இவை பெரிய பெரிய .சி கோப்புகளைத் துப்பும். நீங்கள் திறந்து பார்த்தபோது மனிதர் எழுதியது போலவே தெரியாமல் அட்டவணை அட்டவணையாக எண்கள் இருந்திருக்குமே, அது ஃப்ளெக்ஸ் எழுதியது.

ஆகவே வழக்கமான அறிவுரை: .சி கோப்பைத் தொடாதே, .எல் கோப்பைத் திருத்து. நூற்றுக்குத் தொண்ணூறு இடங்களில் இது போதும். உங்களுக்கு இது போதாது! நீங்கள் டிடிசி-லெக்சர்.எல் கோப்பைத் திருத்தியிருந்தாலும் பிழை போயிருக்காது. பலர் இங்கேதான் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். நானும் ஒரு நாள் சாயங்காலம் முழுக்க முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து பிய்த்துக்கொண்டவன்தான்.

காரணம் இது. 4.9 காலத்தில், கர்னல் பில்டு செய்கிறவர் எல்லோரிடமும் ஃப்ளெக்ஸும் பைசனும் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. பராமரிப்பவர்களே அவற்றை ஒரு முறை ஓட்டி, வந்த .சி கோப்பைப் பெயருக்குப் பின்னால் ‘_ஷிப்டு’ என்று சேர்த்து மூலநிரல் களஞ்சியத்திலேயே வைத்துவிட்டார்கள். பில்டு நேரத்தில் மேக் (மேக்ஃபைலின் விதிகளை நடத்தும் கட்டளை) செய்வது வெறும் நகல்: ‘கேட்’ கட்டளையால் டிடிசி-லெக்சர்.லெக்ஸ்.சி_ஷிப்டு கோப்பைப் படித்து டிடிசி-லெக்சர்.லெக்ஸ்.சி என்று எழுதும். பில்டு ஓடும்போது திரையில் ‘ஷிப்டு’ என்ற சொல்லோடு ஒரு வரி ஓடியிருக்கும். வேகத்தில் கண்ணில் பட்டிருக்காது. உங்கள் வரியைத் திரும்ப எழுதுகிறவர் அவர்தான்.

முதல் நாள் ஏன் ஓடியது என்பதும் இப்போது புரியும். நீங்கள் திருத்தியதும் .சி கோப்பின் நேரம் _ஷிப்டு கோப்பின் நேரத்தைவிடப் புதிதாகிவிட்டது. மேக் நேரத்தை மட்டுமே பார்க்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது. நகல் புதிதாக இருக்கிறதே என்று விட்டுவிட்டது. மறுநாள் நீங்கள் ஓட்டியது ‘மேக் எம்ஆர்ப்ராப்பர்’ ஆக இருக்க வேண்டும், ஏனென்றால் வெறும் ‘மேக் க்ளீன்’ இந்த ஸ்கிரிப்ட்ஸ் அடைவைத் தொடுவதில்லை. எம்ஆர்ப்ராப்பர் அந்த .சி கோப்பை அழித்தது. அடுத்த பில்டு பழைய நகலைப் போட்டுக் கொடுத்தது. மிஸ்டர் ப்ராப்பர் என்பது ஐரோப்பாவில் விற்கும் ஒரு தரை துடைக்கும் திரவத்தின் பெயர். துடைத்தால் துடைத்ததுதான்.

பேரேட்டைத் திருத்திவிட்டுச் சிட்டையை விட்டுவிட்டீர்கள். அடுத்த முறை சிட்டையைப் பார்த்துப் பேரேடு எழுதினால் பழைய தொகைதானே வரும்?

ஒரு கோப்பு கருவி எழுதியதா, களஞ்சியத்தில் இருப்பதா என்று தெரிய ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்/டிடிசி’ ஓட்டுங்கள். பட்டியலில் .எல் இருக்கும், _ஷிப்டு இருக்கும், நீங்கள் திருத்திய .சி இருக்காது. விற்றவர்கள் கிட் (மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கருவி) இல்லாமல் வெறும் ஜிப்பாகக் கொடுத்திருந்தால் கோப்பின் தலையைப் பாருங்கள். ‘எ லெக்சிகல் ஸ்கேனர் ஜெனரேட்டட் பை ஃப்ளெக்ஸ்’ என்றோ ‘எ பைசன் பார்சர்’ என்றோ கருவியே கையெழுத்துப் போட்டிருக்கும். ஆனால் _ஷிப்டு கோப்பிலும் அதே கையெழுத்து இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். அதனால் ‘கருவி எழுதியதா’ என்பது மட்டும் போதாது. ‘மேக் எதைப் படிக்கிறது’ என்பதையும் கேட்க வேண்டும். இந்தக் கர்னலில் மேக் படிப்பது _ஷிப்டை.

திருத்தம் ஒரே வரிதான். டிடிசி-லெக்சர்.லெக்ஸ்.சி_ஷிப்டு கோப்பில் ‘ஒய்ஒய்எல்டைப் ஒய்ஒய்எல்லாக்;’ என்று ஒரு வரி தனியாக நிற்கும்; சற்று மேலே டிடிசி-பார்சர்.டாப்.எச் கோப்பை இன்க்ளூட் செய்யும் வரி இருக்கும். அந்தத் தனி வரியை நீக்குங்கள். டிடிசி-லெக்சர்.எல் கோப்பிலும் அதே வரி இருக்கும், அங்கேயும் நீக்குங்கள். இன்றைக்கு அதனால் பலன் இல்லை. நாளை யாராவது ஃப்ளெக்ஸை ஓட்டி _ஷிப்டைப் புதுப்பித்தால் பேய் திரும்ப வராமல் இருக்க. கடைசியாக, நகலாகக் கிடக்கும் .சி கோப்பை அழித்துவிடுங்கள். ‘ஓ=அவுட்’ போட்டு பில்டு செய்கிறவராக இருந்தால் நகல் அந்த அவுட் அடைவுக்குள் இருக்கும், மூலநிரலுக்குள் தேடாதீர்கள்.

நீக்கினால் மாறி இல்லாமல் போய்விடாதா என்று தோன்றும். போகாது. பைசன் எழுதிய பார்சர் அதை ஏற்கெனவே வரையறுத்திருக்கிறது. அதன் ஹெடர் (மேலே சொன்ன .எச் கோப்பு) எக்ஸ்டர்ன் என்று அறிவித்தும் இருக்கிறது. லெக்சரில் இருந்தது உபரி. நிறைய பேர் நீக்காமல் முன்னால் எக்ஸ்டர்ன் என்று சேர்க்கிறார்கள். கர்னலுக்குள் அதுவும் ஓடும். ஆனால் டிடிசியைத் தனியாக பில்டு செய்யும்போது, ஒரே அறிவிப்பு இரண்டு முறை வருகிறது என்ற எச்சரிக்கை பிழையாக்கப்பட்டிருப்பதால் அங்கே நிற்கும். 2020-ல் மேல்நிலைக் கர்னலில் (லினக்ஸின் மூலக் களஞ்சியத்தில்) வந்த திருத்தமும் இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் வரியை அடியோடு நீக்கியது. நானும் நீக்குகிற கட்சி.

தேடினால் கிடைக்கும் ஒரு குறுக்கு வழியைப் பற்றி எச்சரிக்க வேண்டும்: அடைவில் உள்ள எல்லாக் கோப்புகளிலும் செட் (எஸ், ஈ, டி) கட்டளையால் அந்த வரிக்கு முன்னால் எக்ஸ்டர்ன் சேர்ப்பது. ஹெடரில் ஏற்கெனவே எக்ஸ்டர்ன் இருப்பதால் அங்கே ‘எக்ஸ்டர்ன் எக்ஸ்டர்ன்’ ஆகிவிடும், கம்பைலர் திட்டும். பார்சரின் வரையறையும் எக்ஸ்டர்ன் ஆகிவிட்டால் இன்னும் மோசம். முன்பு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடினார்கள், இப்போது ஒருவரும் இல்லை. லிங்க்கர் ‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’ என்று வேறு பாட்டுப் பாடும்.

எல்லாவற்றையும் புதிதாக உருவாக்கிவிட்டால் என்ன என்று ஒரு யோசனை வரும். இந்தப் பதிப்பில் ‘ரீஜெனரேட்_பார்சர்ஸ்=1’ என்று மேக்குக்குச் சொன்னால் கருவிகளை ஓட்டி _ஷிப்டு கோப்புகளைப் புதுப்பிக்கும். .எல் கோப்பைத் திருத்திய பிறகு செய்தால் கோட்பாட்டில் இதுதான் முறையான வழி. நடைமுறையில் நான் செய்ய மாட்டேன். அந்த ஆப்ஷன் டிடிசியோடு நிற்காது. கான்ஃபிக் கருவிகளின் கோப்புகளையும் புதுப்பிக்கும். அவற்றில் சில ஜிபெர்ஃப் என்ற கருவி எழுதியவை. ஜிபெர்ஃப் 3.1-லிருந்து அது எழுதும் செயற்கூறில் நீளத்தின் வகை அன்சைன்டு இன்ட்டிலிருந்து சைஸ்_டி ஆகிவிட்டது. பழைய கர்னல் பழைய வகையைத்தான் எதிர்பார்க்கிறது. ஒரு வரியைத் திருத்தப் போய் ‘கான்ஃப்ளிக்டிங் டைப்ஸ்’ என்று புதுச் சண்டையை வாங்கி வருவோம்.

ரிவ்யூ நாளைக்கு, இதையெல்லாம் செய்ய நேரமில்லை என்றால் ஒரு தற்காலிக வழி உண்டு. மேக் கட்டளையோடு ஹோஸ்ட்சிசி="ஜிசிசி -எஃப்காமன்" என்று சேர்த்துவிடுங்கள். கோப்பு எதையும் தொடாமல் பழைய வழக்கம் திரும்பும். அல்லது 22.04-ல் ஜிசிசி-9 பேக்கேஜை நிறுவி ஹோஸ்ட்சிசியாக அதைக் கொடுங்கள். ஹோஸ்ட்சிஎஃப்ளாக்ஸ் வழியாகவும் கொடுக்கச் சொல்வார்கள். இவ்வளவு பழைய கர்னலில் அது மேக்ஃபைலில் ஏற்கெனவே உள்ள ஆப்ஷன்களை மேலெழுதிவிடும் என்பதால் எனக்கு அது பிடிக்காது. எப்படியானாலும் இது இன்றைய நாளை ஓட்டுவதற்கு. ப்ராஜெக்டை உங்கள் ஜூனியர் ஒருவர் வேறு லேப்டாப்பில் எடுத்து ஓட்டும்போது இந்த ஆப்ஷன் அவருக்குத் தெரிந்திருக்காது. கிட்டில் ஏற்றிய திருத்தம் அவருக்கும் சேர்த்து வேலை செய்யும்.

முடிந்தால் வேரையே மாற்றுங்கள். 4.9 வரிசையின் கடைசி வெளியீடு 4.9.337, 2023 ஜனவரியில் வந்தது. இந்தத் திருத்தம் அந்த வரிசைக்குள் முன்பே வந்துவிட்டது. போர்டு விற்றவர்கள் எந்தச் சில்லறை எண்ணில் நின்றுவிட்டார்கள் என்பது மேக்ஃபைலின் முதல் சில வரிகளில் ‘சப்லெவல்’ என்ற இடத்தில் தெரியும். அவர்கள் தங்கள் டிரைவர்களைச் செருகியிருப்பதால் முழுக்க உயர்த்துவது வம்பு. இந்த ஒரு திருத்தத்தை மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். 4.17-லிருந்து டிடிசியின் _ஷிப்டு கோப்புகளையே எடுத்துவிட்டார்கள். பில்டு நேரத்திலேயே ஃப்ளெக்ஸும் பைசனும் ஓடும். அங்கே .எல் கோப்பைத் திருத்தினால் போதும். அதனால் புதிய கர்னலுக்குச் சொன்ன தீர்வைப் பழையதில் போட்டுவிட்டு ‘ஓடவில்லை’ என்று குழம்ப வேண்டாம்.

இதே குடும்பத்துப் பிழைகள் வேறு இடங்களிலும் வரும், வேறு முகத்தோடு. பைசன் 3.0-ல் ஒய்ஒய்பார்ஸ்_பேரம் என்ற பழைய மேக்ரோவுக்கான ஆதரவை எடுத்துவிட்டார்கள். அதை நம்பிய பழைய .ஒய் கோப்பைப் புது பைசனில் ஓட்டினால், வந்த .சி கோப்புக்குள் சம்பந்தமே இல்லாத இடத்தில் பிழை காட்டும், திருத்த வேண்டியது .ஒய் கோப்பில், ‘%பார்ஸ்-பேரம்’ என்று. கம்பைல் நேரத்துப் பிழைகளில் ஒரு வசதி, கருவிகள் ‘#லைன்’ என்ற குறிப்பைப் போட்டு வைப்பதால் ஜிசிசி பெரும்பாலும் .எல் அல்லது .ஒய் கோப்பின் வரி எண்ணையே காட்டும். சில ப்ராஜெக்டுகள் அந்தக் குறிப்பை அணைத்து வைத்திருக்கும், அப்போது .சி கோப்பில் உள்ள துண்டை எடுத்து மூலக் கோப்பில் க்ரெப் செய்து தேட வேண்டியதுதான். உங்களுடையது லிங்க்கர் பிழை, அதனால் அந்த வசதி எப்படியும் கிடைத்திருக்காது.

சரிபார்க்க முழுக் கர்னலையும் பில்டு செய்து காத்திருக்க வேண்டாம். உங்கள் .கான்ஃபிக் கோப்பை அடைவுக்கு வெளியே எங்காவது நகல் எடுத்து வையுங்கள். எம்ஆர்ப்ராப்பர் அதையும் சேர்த்துத் துடைத்துவிடும். பிறகு எம்ஆர்ப்ராப்பர் ஓட்டி, .கான்ஃபிக்கைத் திரும்ப வைத்து, வழக்கமான ஏஆர்சிஎச், க்ராஸ்_கம்பைல் மதிப்புகளோடு ‘மேக் ஸ்கிரிப்ட்ஸ்’ மட்டும் கொடுங்கள். டிடிசி அதிலேயே பில்டு ஆகிவிடும். ஓடும்போது ‘ஷிப்டு’ என்ற அந்த வரியைக் கவனியுங்கள், நகல் நடக்கிறது. முடிந்ததும் புதிதாக வந்த .சி கோப்பில் ஒய்ஒய்எல்லாக் என்று க்ரெப் செய்தால், பயன்படுத்தும் இடங்கள் வரும், வரையறுக்கும் அந்தத் தனி வரி வராது. பிறகு _ஷிப்டு, .எல் இரண்டையும் ஒரே கமிட்டாக ஏற்றி, இரண்டையும் ஏன் தொட்டீர்கள் என்று கமிட் செய்தியில் இரண்டு வரி எழுதிவிடுங்கள்.